துலா மாதத்தில் ஒரு பூங்கா உலா

ஆங்கிலேயர் 'ஆட்டம்' என்றும், அமெரிக்கர் 'ஃபால்' என்றும் வழங்கும் பருவத்தை நாம் தமிழில் 'இலையுதிர் காலம்' என்று எழுதி வருகிறோம். பள்ளிப் பாட நூல்களிலும், மொழிபெயர்ப்புக் கதைகளிலும், அரசாங்க வெளியீடுகளிலும் இச்சொல் நிலைபெற்றுவிட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கும் இது அடிக்கடி கைகொடுக்கும் சொற்களுள் ஒன்று. பிற நாட்டுப் பருவத்தைக் குறிக்கும் அளவில் அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால், அப்பருவத்திற்குரிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் ஊர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "இது இலையுதிர் காலம்" என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்றுக்கு மரம் சான்று பகராது. அம்மாதங்களில் நம்மைச் சூழ்ந்த இயற்கையில் மெய்யாகவே நிகழ்வது யாது என்பதைத் திருவனந்தபுரத்துப் பூங்கா ஒன்றில் உலவியபடியே காண்போமாக.

பாளையத்திற்குச் சற்று வடக்கே, நகர மக்கள் 'மியூசியம்' என்று சுருக்கமாக அழைக்கும் தோட்டம் இருக்கின்றது. 1857ஆம் ஆண்டில் இங்கே பொருட்காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. அது மட்டும் மக்களை ஈர்க்கப் போதாது என்று கருதி, 1859ஆம் ஆண்டில் விலங்குக் காட்சிச்சாலையும் பூங்காவும் தொடங்கப்பெற்றன. இன்று தோட்டத்தின் நடுவே செந்நிறத்தில் விளங்கும் நேப்பியர் காட்சிச்சாலைக் கட்டடம், கட்டடக் கலைஞர் சிசோம் வகுத்த அமைப்பின்படி 1880இல் நிறைவெய்தியது. ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட இப்பரப்பில் ஓங்கி வளர்ந்த தூங்குமூஞ்சி மரங்களும், மகாகனி மரங்களும், நாகலிங்க மரங்களும், மூங்கிற் புதர்களும், ஏரியும், புல்வெளிகளும் உள்ளன.

இத்தோட்டத்தின் தொடக்க வரலாற்றில் நம் பொருளுக்கு இயைந்த செய்தி ஒன்று உண்டு. பொருட்காட்சிச்சாலையை அமைப்பதில் முன்னின்றவர் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர். அவர் 1852ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் தலைவராக விளங்கியவர். அகத்தியமலையின் உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் காந்தப் புலத்தையும் இடைவிடாது அளந்து குறித்தவர். வானத்தின் மாறுதல்களை நாள் தவறாமல் எழுதி வைத்த ஒருவர் இந்தத் தோட்டத்திற்கும் வித்திட்டார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

இனி உலாவைத் தொடங்குவோம். காலையில் இங்கே உலவ வருவோர் பலர். அவர்களிற் பெரும்பாலோர் உடல்நலம் கருதி விரைந்து நடப்பவர்கள். அவர்கள் ஐந்து சுற்றுச் சுற்றும் நேரத்தில் நாம் ஒரே ஒரு சுற்றை மெல்ல நடந்து முடிப்போமாயின், பருவத்தின் அடையாளங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும்.

முதலில் மரங்களைப் பார்ப்போம். ஐப்பசி மாதத்தில் இங்குள்ள மரங்கள் யாவும் அடர்ந்த பசுமையோடு காட்சி தருகின்றன. குளிர் நாடுகளில் இதே வேளையில் இலைகள் மஞ்சளாகவும் செம்மையாகவும் மாறி உதிர்கின்றனவே, அதற்குக் காரணம் என்ன? அங்கே கோடைக்குப் பின் பகற்பொழுது விரைந்து குறுகுகின்றது. லண்டன் நகரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. வரவிருக்கும் குளிரில் நிலத்து நீர் உறைந்துவிடும்; வேரால் நீரை உறிஞ்ச இயலாது. அந்நிலையில் இலைகளைத் தாங்கி நிற்பது மரத்திற்கு வீண் சுமை. ஆகவே, பகல் குறுகுவதையே முன்னறிவிப்பாகக் கொண்டு, மரம் இலைகளில் உள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்துகளைத் தண்டுக்குள் மீட்டுக்கொள்கின்றது. பச்சை நீங்கவே, முன்பே அங்கு மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. சில மரங்கள் புதிதாகச் செந்நிறப் பொருளையும் ஆக்குகின்றன. பின்னர்க் காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி, இலை உதிர்கின்றது.

திருவனந்தபுரமோ நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே அமைந்த நகரம். இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரமே. மாதச் சராசரி வெப்பமும் ஆண்டு முழுவதும் இரண்டு மூன்று பாகை அளவிலேயே ஏறி இறங்குகின்றது. குளிரால் மரத்திற்கு வரும் இடர் இங்கில்லை. இங்கே அதற்கு நேரும் இடர் வறட்சி ஒன்றே. மார்கழியோடு மழை ஓய்ந்து, தை, மாசி மாதங்களில் மண் காய்கின்றது. அப்பொழுதுதான் இலவும், தேக்கும், வாகையும், கொன்றையும் இலைகளைக் கழிக்கின்றன. நாட்டு வாதுமை மரத்தின் அகன்ற இலைகள் உதிருமுன் செக்கச் சிவந்து விளங்குவதை நாம் கண்டிருக்கிறோம். மேலை நாட்டு மேப்பிள் இலைகளைச் சிவக்கச் செய்யும் அதே வகைச் செந்நிறப் பொருளே அவற்றிலும் உள்ளது. ஆகவே, இலையுதிர்தல் என்னும் நிகழ்ச்சி நம்மிடமும் உண்டு. அதன் காலம் வேறு, காரணமும் வேறு. இது தவிர, என்றும் பசுமையாகத் தோன்றும் மாவும் பலாவும் இலையே உதிர்ப்பதில்லை என்று எண்ணலாகாது. அவை ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக உதிர்க்கின்றன. அதனால் மரத்தடி எக்காலத்தும் சருகற்று இருப்பதில்லை.

அப்படியாயின் இப்பருவத்திற்கு உரிய பெயர் யாது? வடமொழியாளர் இதனைச் 'சரத்காலம்' என்பர். மழை ஓய்ந்து வானம் தெளிந்து நிலவு ஒளிரும் காலம் அது. கங்கைக் கரைக்கு அவ்வருணனை பொருந்தும். தமிழ் மரபு ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்று பெயரிட்டு, தொல்காப்பியத்தில் குறிஞ்சி நிலத்திற்கு உரிய பெரும்பொழுதாக வைத்தது. வாடைக் காற்று வீசும் குளிர்ப் பருவம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தே வாழ்வார்க்கு அப்பெயரின் பொருள் உடலிலேயே புலப்படும். மலைக்கு மேற்கே, கடலை அடுத்துள்ள இந்நகரில் வாடையின் குளிர் அவ்வாறு தாக்குவதில்லை. இங்குள்ள மலையாள மக்கள் ஐப்பசியைத் துலா மாதம் என்றும், அம்மாதத்து மழையைத் 'துலாவர்ஷம்' என்றும் வழங்குகின்றனர். இவ்விடத்துப் பருவத்தை இவ்விடத்தார் கண்டு இட்ட பெயர் இதுவே ஆகும்.

ஐப்பசி என்றாலே அடைமழை என்பது தமிழ்நாட்டு வழக்கு. சோழ மண்டலக் கரையில் கடலிலிருந்து வரும் மேகம் இரவு பகலாகப் பொழிவதுண்டு. இங்குள்ள துலாமழையின் இயல்பு வேறு. காலையில் வானம் பளிங்கு போல் தெளிந்திருக்கும். மழையால் கழுவப்பட்ட காற்றில், நகரின் மேட்டுப் பகுதிகளிலிருந்து பார்த்தால் கிழக்கே மலைத் தொடரின் நீலக் கோடு தெரியும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, மேற்கே கடலிலிருந்து ஈரக் காற்று உள்ளே வருகின்றது. அதே வேளையில் கிழக்கிலிருந்து வரும் பருவக்காற்று மலையைத் தாண்டுகின்றது. இவ்விரண்டும் கூடி மேலெழும்பும்போது, பிற்பகலில் மலைமேல் கருமுகில் கோபுரம் போல் எழும்புகின்றது. மாலையில் இடியும் மின்னலும் முழங்க, ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கின்றது. இவ்வாறு பெய்வதாயினும் இதன் அளவு சிறியதன்று. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூன் மாதத்து மழைக்கு ஏறக்குறைய ஈடாக அக்டோபர் மாதத்தில் இங்கே மழை பெய்கின்றது.

இம்மழையின் வருகையை மரமே முன்னறிவிப்பதைப் பூங்காவில் காணலாம். தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து நம் நாட்டிற்கு வந்தது. மாலை மங்கியதும் அதன் சிற்றிலைகள் கூம்பிவிடும். அதனால் வந்த பெயரே தூங்குமூஞ்சி. இலைக்காம்பின் அடியில் சிறு முடிச்சுப் போன்ற உறுப்பு ஒன்று உள்ளது. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறி மறுபக்கத்துச் செல்களில் நிறையும்போது இலை மடங்குகின்றது. ஒளி குறைவதே இதனைத் தூண்டுவது. துலா மாதப் பிற்பகலில் முகில் திரண்டு வானம் இருண்டால், மாலை வருமுன்னரே இலைகள் மடியத் தொடங்குகின்றன. அகன்ற குடை போன்ற அம்மரத்தின் ஊடே மழைநீர் தடையின்றி நிலத்தில் விழ, அடியில் உள்ள புல் நனைந்து தழைக்கின்றது. பிற மரங்களின் நிழலில் புல் மெலிந்திருக்க, இதன் நிழலில் மட்டும் செழித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழை விட்ட இரவில் நகரின் தெருக்களில் ஒரு கனத்த நறுமணம் பரவுவதை இம்மாதங்களில் உணரலாம். அது ஏழிலைப் பாலையின் மணம். ஒரு கணுவில் ஏழு இலைகள் வட்டமாய் அமைந்திருப்பது பற்றி இப்பெயர் பெற்ற அம்மரம், வெண்பசுமை நிறமான சிறு பூங்கொத்துகளை இப்பருவத்தில்தான் மலர்த்துகின்றது. இரவில் பறக்கும் விட்டில்களை அழைப்பதற்காகவே அதன் மணம் இருட்டில் மிகுகின்றது. பாலை மரத்தில் யட்சி குடியிருப்பாள் என்று கேரளத்துப் பாட்டிமார் குழந்தைகளுக்குக் கதை சொல்வர். இருளில் எங்கிருந்து வருகின்றது என்று தெரியாமல் வழிப்போக்கரைத் தொடர்ந்து வரும் மணத்திற்கு அவர்கள் தந்த விளக்கம் அது போலும். இம்மரத்தின் மெல்லிய பலகையில் முற்காலத்தில் பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகினர். அதனாலேயே தாவர நூலாரும் இதற்குக் கல்வியோடு தொடர்புடைய 'ஸ்காலாரிஸ்' என்னும் பெயரை அளித்துள்ளனர்.

காலை வெயிலில் புல்வெளியின் மேலே பார்ப்போம். பொன்மஞ்சள் நிறத் தும்பிகள் கூட்டமாகச் சிறகை அசைத்தும் அசைக்காமலும் மிதக்கின்றன. மலையாளத்தில் இதற்குத் 'துலாத்தும்பி' என்று பெயர். பருவமே பெயராக அமைந்த உயிர் இது. நான்கரைச் சென்டிமீட்டர் நீளமும், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எடையும் உடைய இத்தும்பி, உலகில் மிக நெடுந்தூரம் பயணம் செய்யும் பூச்சி என்று கருதப்படுகின்றது. மாலத் தீவுகளில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலார், இத்தும்பிகள் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் அங்கே திடீரெனப் பெருங் கூட்டமாக வந்திறங்குவதைக் கண்டு பல்லாண்டுகள் குறித்து வைத்தார். அத்தீவுகளில் அவை முட்டையிட்டுப் பெருகுவதற்கு நன்னீர் நிலைகள் இல்லை என்றே கூறலாம். எனவே, அவை இந்தியாவிலிருந்து கடலைக் கடந்தே வந்திருக்க வேண்டும் என்றும், உயரத்தில் வீசும் காற்றின் துணையால் மேலும் பறந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்றும் அவர் 2009ஆம் ஆண்டில் எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து மாலே நகரத்திற்கு வான்வழித் தொலைவு சுமார் 600 கிலோமீட்டர். ஆப்பிரிக்கா சென்று, அங்கே மழைக் குட்டைகளில் இனம் பெருக்கி, பின்வரும் தலைமுறைகள் மீண்டும் இந்தியா வந்து சேரும் முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை ஆகும் என்பது அவர் கணிப்பு. நம் தலைக்கு மேலே சோம்பலாக மிதப்பது போல் தோன்றும் அத்தும்பி, ஒரு மழையிலிருந்து மற்றொரு மழைக்குச் செல்லும் வழிப்போக்கன்.

புதரோரங்களில் வண்ணத்துப்பூச்சிகளையும் கவனிக்க வேண்டும். கருநிறச் சிறகில் நீலக் கோடுகள் உடைய நீல வரியனும், பழுப்புச் சிறகில் வெண்புள்ளிகள் உடைய வெண்புள்ளிக் கருப்பனும் இப்பருவத்தில் மிகுதி. கிழக்குச் சமவெளிகளில் வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன்னரும் வலுக்கும்போதும் இவற்றின் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி வலசை வருகின்றன. மஞ்சட் பூப் பூத்து, காய்ந்த காயை ஆட்டினால் ஒலிக்கும் கிலுகிலுப்பைச் செடியில் இவற்றின் ஆண் பூச்சிகள் திரளாக மொய்த்திருக்கும். அவை தேனுக்காக மட்டும் வருவன அல்ல. செடியின் வாடிய பகுதிகளில் உள்ள கசப்பான நச்சுப் பொருளை உறிஞ்சி, அதைக் கொண்டே பெண் பூச்சியைக் கவரும் மணத்தை ஆக்கிக்கொள்கின்றன. பகைப் பறவைகளும் அந்நச்சுக்கு அஞ்சி விலகுகின்றன.

இனிப் பறவைகள். வட திசையிலிருந்து விருந்தினர் வந்து சேரும் மாதங்கள் இவை. நீரோரத்தில் வாலை இடையறாது அசைத்து ஓடும் சாம்பல் வாலாட்டி, இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் முதலில் வருவோருள் ஒன்று. மாங்குயிலும், நீண்ட வெண்ணிற வாலுடைய அரசவால் ஈப்பிடிப்பானும் தொடர்ந்து வருகின்றன. திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை 1933ஆம் ஆண்டில் நேரில் ஆராய்ந்த சாலிம் அலியின் நூல் 1953இலும், 'இந்துசூடன்' என்னும் பெயரில் எழுதிய நீலகண்டனின் மலையாளப் பறவை நூல் 1958இலும் வெளிவந்தன. இவ்விரு நூல்களும் இந்நாட்டில் பலரைப் பறவைகளின்பால் திருப்பின.

இவ்விருந்தினருள் சிறந்தது என்று நான் கருதுவது ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிப்பதால் தமிழ் மக்கள் இதற்கு இப்பெயரிட்டனர். பச்சை முதுகு, நீலச் சிறகுத் திட்டு, வெளிர்மஞ்சள் மார்பு, சிவந்த அடிவயிறு, கண்ணை ஒட்டிய கரும்பட்டை என்று பல வண்ணங்களை உடைய இதனை வடநாட்டார் 'நவரங்' என்பர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து தெற்கே வருகின்றது. இலங்கை வரையிலும் செல்கின்றது. நெடும் பயணத்தால் களைத்து, வீட்டு முற்றத்திலும் மாடத்திலும் விழுந்து கிடப்பதும் உண்டு. அத்தகைய பறவையைக் கண்டால், பூனைக்கும் காக்கைக்கும் எட்டாத இருண்ட அமைதியான இடத்தில் சிறிது நேரம் வைத்திருந்து, தெளிந்த பின் மரமுள்ள இடத்தில் விட்டுவிடுதல் நன்று.

வண்ணங்கள் இத்தனை இருந்தும் இப்பறவை எளிதில் கண்ணிற் படுவதில்லை. அது மரக்கிளையில் இரை தேடுவதில்லை. மர நிழலில், ஈரச் சருகுகளை அலகால் புரட்டி, அடியில் உள்ள புழுவையும் பூச்சியையும் உண்கின்றது. ஆகவே, பூங்காவில் இதனைக் காண விரும்புவோர் சருகு அள்ளப்படாத மூலையைத் தேடிச் செல்ல வேண்டும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. சருகைக் குப்பை என்று கருதுவது நம் வழக்கமாகிவிட்டது. தோட்டம் தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் நாள்தோறும் கூட்டி அள்ளுகிறோம். சில வேளைகளில் குவித்துத் தீயிடுகிறோம். மரத்தின் அடி வரை சிமிட்டி பூசுகிறோம். ஆனால், மழை மிகுந்த வெப்ப நாடுகளில் மண்ணின் சத்தை நீர் அரித்துச் செல்வதால், மரத்திற்கு வேண்டிய சத்தில் பெரும் பகுதி அது தானே உதிர்த்த இலைகள் மக்குவதன் மூலமே திரும்பக் கிடைக்கின்றது. காளானும், மண்புழுவும், மரவட்டையும் அவ்விலைகளை மண்ணாக்குகின்றன. பெருமழையின் தாக்குதலைத் தாங்கி, நீர் மெல்ல நிலத்துள் இறங்கச் செய்வதும் அச்சருகுப் படுக்கையே. அதனை முற்றும் அகற்றிவிட்டால், மரம் பட்டினியால் மெலிகின்றது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த ஆறுமணிக்குருவிக்கும் இரையில்லாமற் போகின்றது. நடைபாதையைக் கூட்டுவது தகும். மரத்தடியில் சில மூலைகளையேனும் கூட்டாமல் விடுவதும் தூய்மையின் ஒரு பகுதியே எனக் கொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டம் உடையவர்க்கும் இது பொருந்தும்.

பருவ அடையாளங்களை அறிந்து வைப்பதில் இன்று மற்றொரு பயனும் உண்டு. தட்பவெப்ப நிலை மாறிவரும் இக்காலத்தில், எந்த மரம் எப்போது பூத்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்தது என்னும் எளிய குறிப்புகள் அறிவியலுக்கு வேண்டிய சான்றுகளாகின்றன. 'சீசன்வாட்ச்' என்னும் பெயரில் 2010ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற இந்திய அளவிலான முயற்சியில், கேரளத்துப் பள்ளி மாணவர் பெருந்தொகையினராகச் சேர்ந்து மரங்களை வாரந்தோறும் கவனித்துக் குறித்து வந்துள்ளனர். சித்திரை விஷுவுக்குப் பூக்க வேண்டிய கணிக்கொன்றை, மாதக் கணக்கில் முன்பே பல இடங்களில் பூப்பதை அக்குறிப்புகள் காட்டுகின்றன. பிரௌன் துரைக்குப் பெரும் கருவிகள் தேவைப்பட்டன. இம்மாணவர்க்கு வேண்டியது ஒரு மரமும், ஒரு குறிப்பேடும், வாரத்தில் சில நிமிட நேரமுமே.

நேயர்களும் இதனைச் செய்யலாம். உங்கள் தெருவிலோ அலுவலக முற்றத்திலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது என்று தளிர்த்தது, என்று பூத்தது, என்று இலை கழித்தது என்பதைத் தேதியிட்டு எழுதி வாருங்கள். ஐப்பசி மாதத்தில் துலாத்தும்பியை முதன்முதற் கண்ட நாளையும், ஆறுமணிக்குருவியின் குரலை முதலில் கேட்ட நாளையும் குறியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பின் அப்பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். பாட நூலில் இலையுதிர் காலம் என்று படிக்கும் குழந்தை, தன் வாயிலில் நிற்கும் மரம் எம்மாதத்தில் இலை உதிர்க்கின்றது என்பதையும் தன் கண்ணால் கண்டு எழுதட்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அக்குறிப்பேடு உங்கள் ஊருக்கே உரிய பருவ நூலாக அமைந்துவிடும்.